பணம் எடுக்கும் பொத்தான் மட்டும் பழுதாவதில்லை

பிளே ஸ்டோரில் 'கோல்டு டிடெக்டர்' என்று தேடிப் பாருங்கள். போனைத் தரைமேல் அப்படியும் இப்படியும் ஆட்டினால் புதைந்திருக்கும் தங்கத்தைக் காட்டிக்கொடுப்பதாகச் சொல்லும் செயலிகள் வரிசைகட்டி நிற்கும். இறக்குவது இலவசம். திறந்தால் ஒரு முள், ஒரு எண், ஒரு பீப் ஒலி. இரும்பு பீரோ பக்கம் கொண்டுபோனால் முள் துள்ளும். அந்தத் துள்ளலைப் பார்த்ததும் பாதி நம்பிக்கை வந்துவிடும். தங்கம் தேடலாம் என்று நினைக்கும்போதுதான் பூட்டுப் படம் போட்ட பொத்தான் எட்டிப் பார்க்கும். அதைத் திறக்க பிரீமியம் வாங்க வேண்டும்.

போனுக்குள் காந்தப்புலத்தை அளக்கும் சின்னஞ்சிறு உணரி ஒன்று உண்டு. திசைகாட்டிக்காக வைத்தது. பூமியின் காந்தப்புலம் நம் ஊர்ப் பக்கம் 40 மைக்ரோடெஸ்லா அளவில் இருக்கும். பக்கத்தில் இரும்பு வந்தால் அந்த எண் மாறும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, வெள்ளியையும் இழுக்காது, செம்பையும் இழுக்காது. நிஜமான உலோகம் தேடும் கருவி வேறு மாதிரி வேலை செய்கிறது: கம்பிச் சுருளில் மாறுமின்சாரத்தைப் பாய்ச்சி, மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பி, அதனால் வரும் மாற்றத்தைப் பிடிக்கிறது. போனில் அதற்கான ஏற்பாடு கிடையாது. ஆக, இலவசப் பதிப்பு கண்டுபிடிப்பது இரும்பை. காசு கொடுத்து வாங்கும் பதிப்பு கண்டுபிடிப்பதும் அதே இரும்பைத்தான். வேண்டுமானால் முள்ளின் நிறம் மஞ்சளாக மாறலாம்.

நான் மொபைல் செயலிகளுக்கு டெஸ்டிங் செய்து பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் பழுதுகளுக்கு அவசரத்தைப் பொறுத்து பி1, பி2, பி3 என்று வரிசை உண்டு. பணம் செலுத்தும் திரையில் பழுது என்றால் அது எப்போதும் பி1. ராத்திரி பதினோரு மணிக்கு டெவலப்பரைப் படுக்கையிலிருந்து எழுப்பினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பணம் கட்டியவருக்குக் கிடைக்க வேண்டிய வசதி சரியாக ஓடவில்லை என்றால் அது பெரும்பாலும் பி3தான். 'அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்' என்று ஒத்திப் போடுவார்கள். ஒழுங்கான கம்பெனிகளிலேயே நிலைமை இது. ஒழுங்கில்லாத இடத்தில் பி3 என்ற வரிசைக்கே வேலை இல்லை. அங்கே உருப்படியாகக் கட்டப்பட்டிருப்பது பணம் வாங்கும் வழி ஒன்றுதான். அது மட்டும் மழையிலும் நிற்காது, நெட் மெதுவாக இருந்தாலும் நிற்காது.

கூகுள் பிளேயில் பணம் கைமாறும் விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், இதற்குள்தான் விஷயமே இருக்கிறது. 'வாங்கு' என்பதைத் தொட்டதும் திரையின் அடியிலிருந்து ஒரு பலகை எழுந்து வருகிறதே, அது செயலியுடையது இல்லை, கூகுளுடையது. யுபிஐ பின் போட்டதும் கூகுள் ஒரு டோக்கனை, அதாவது வாங்கியதற்கான ரசீது மாதிரி ஒன்றை, செயலிக்குக் கொடுக்கிறது. செயலி அதைச் சரிபார்த்து, 'வந்தது, வாங்கியவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டேன்' என்று கூகுளுக்கு ஒப்புகை அனுப்ப வேண்டும். மூன்று நாளுக்குள் அந்த ஒப்புகை போகவில்லை என்றால் கூகுள் தானாகவே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். 2019-இல் கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்புகை அனுப்புகிறவர் யார்? விற்றவர். சரக்கு கைக்கு வந்ததா, வந்தது உருப்படியா என்று வாங்கியவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் இடம் இந்தச் சங்கிலியில் எங்கேயும் இல்லை.

இந்தப் பாதையைச் சோதிக்க எங்களுக்குக் கிடைக்கும் வசதிகளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். எப்போதும் பணம் போகும் சோதனைக் கார்டு, எப்போதும் மறுக்கும் கார்டு, சில நிமிடம் இழுத்தடித்துப் பிறகு சம்மதிக்கும் கார்டு என்று விதவிதமாகத் தருவார்கள். ஒரு மாதச் சந்தாவைச் சோதனையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் பார்க்கலாம். காபி குடித்து முடிப்பதற்குள் பல மாதம் ஓடிவிடும். விற்கப்படும் பொருள் சொன்னபடி வேலை செய்கிறதா என்பதற்கு இப்படி ஒரு ஏற்பாடும் கிடையாது.

கோவில்பட்டியில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மளிகைக்கடைச் சீட்டைக்கூடக் கூட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து, போனின் முதுகில் ஆள்காட்டி விரலை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன சித்தப்பா பண்றீங்க?"

"பிரஷர் பாக்கேன்யா. செத்த பேசாம இரு. பேசினா ஏறிரும்."

118/76 என்று வந்தது. பச்சை நிறத்தில் ஓர் இதயப் படம் துடித்தது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாத்தியா? இனி மாத்திரையே வேண்டாம் போலிருக்கு."

உள்ளேயிருந்து சித்தி குரல் கொடுத்தார். "ஏய்யா, நீயாவது கேளு. மாத்திரை குடுக்க வார அக்கா கையில பட்டை கட்டிப் பாத்து நூத்தி அறுபதுன்னு எழுதிட்டுப் போகுது. இவுக அதை நம்ப மாட்டாகளாம். இந்தப் போனத்தான் நம்புவாகளாம்."

அந்த அக்கா வருவது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கியது. வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பைசா செலவில்லை. இலவசமாக வரும் சரியான அளவை விட்டுவிட்டு, பணம் கட்டி வாங்கிய பொய்யான அளவைச் சித்தப்பா நம்பியதற்கு ஒரு காரணமும் இருந்தது. போன் சொன்னது அவர் கேட்க விரும்பிய எண்.

போனை வாங்கி, திண்ணையில் கிடந்த சிவப்பு உறை போட்ட தலையணையின் மேல் கேமரா படும்படி கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 121/79 என்றது. தலையணைக்கும் நல்ல ஆரோக்கியம்.

சித்தப்பா தலையணையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "அப்ப இது சும்மாவா?" என்றார்.

முழுக்கச் சும்மாவும் இல்லை, அதுதான் சிக்கல். விரலைக் கேமராமேல் வைத்து ஃபிளாஷை எரியவிட்டால், ஒவ்வொரு துடிப்புக்கும் விரலில் ரத்தம் கூடிக் குறைவதைக் கேமரா நிற மாற்றமாகப் பார்க்க முடியும். அதை எண்ணினால் நாடித்துடிப்பு வரும். ஒழுங்காக எழுதப்பட்ட செயலி அதை ஓரளவு சரியாகவே சொல்லும். ஆனால் அழுத்தம் வேறு சமாசாரம். கையைச் சுற்றி ரப்பர் பட்டையைக் கட்டி, காற்றடித்து ரத்தக் குழாயை நெரித்து அளக்கும் முறையை இத்தாலியில் ரிவா-ரோச்சி கொண்டுவந்தது 1896-இல். பட்டையைத் தளர்த்தும்போது எழும் ஒலியை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் பிரிக்கலாம் என்று ரஷ்யாவின் கொரோட்கோவ் காட்டியது 1905-இல். இன்றைக்கு அந்த அக்கா கொண்டுவரும் மின்னணுக் கருவியும் பட்டையைக் கட்டி நெரித்துத்தான் அளக்கிறது. பட்டை இல்லாமல் அளக்க ஆய்வகங்களில் முயற்சிகள் நடக்கின்றன. கடையில் வாங்கிய சாதாரணப் போனில் விரலை வைத்துவிட்டு நம்பும்படியான எண்ணை எதிர்பார்க்க முடியாது. நாடித்துடிப்பு உண்மை, அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அழுத்தம் பொய். இரும்புக்குத் துள்ளும் முள் தங்கத்துக்குச் சாட்சி சொல்லும் அதே உத்தி.

இந்த வியாபாரம் புதிதும் இல்லை. 2014 ஜூனில் 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்று ஒரு செயலி வந்தது. போனை நெஞ்சில் சாய்த்து, விரலைக் கேமராவில் வைத்தால் அழுத்தத்தைச் சொல்லுமாம். விலை 4.99 டாலர் வரை. 2015 ஜூலையில் கடையை விட்டு நீங்கும்வரை, ஐபோனில் அதிகம் விற்ற முதல் 50 செயலிகளில் ஒன்றாக 156 நாள் இருந்திருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் அதை எடுத்துச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உண்மையில் உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பேருக்கு 'உனக்கு ஒன்றுமில்லை' என்கிற மாதிரி எண்ணைக் காட்டியது. அதாவது, யாருக்கு எச்சரிக்கை தேவையோ சரியாக அவர்களிடம்தான் பொய் சொன்னது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குப் போட்டது. ஏறத்தாழ 6 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2016 டிசம்பரில் முடிவானது. கட்ட வசதியில்லை என்று சொன்னதால் அந்தத் தொகையும் நிறுத்திவைக்கப்பட்டது. கடையில் அந்தச் செயலிக்கு விழுந்த பாராட்டு விமர்சனங்களில் நிறுவனத் தலைவர் தானே எழுதியதும் இருந்தது என்பது ஆணையத்தின் இன்னொரு குற்றச்சாட்டு.

அதற்கும் முன்னால், 2011-இல், இதே ஆணையம் பிடித்தது முகப்பருவுக்கு மருந்தாக விற்ற செயலிகளை. போன் திரை நீலமும் சிவப்புமாக ஒளிரும்; அதைக் கன்னத்தில் தினமும் சில நிமிடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் விலை 1.99 டாலர், 11,600 பேர் இறக்கியிருந்தார்கள். நம்மூரில் இதற்கு இணையாகக் கொசுவிரட்டிச் செயலிகளைச் சொல்லலாம். காதுக்குக் கேட்காத ஒலியில் கொசு ஓடுமாம். தனியாகக் கருவியே வைத்து நடத்திய பத்து களச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த, கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை, அந்த ஒலியால் கடி குறையவில்லை என்று 2007-லேயே சொல்லிவிட்டது. அந்தச் செயலிகளில் இன்றும் 'பவர்ஃபுல் மோடு' விலைக்குக் கிடைக்கிறது.

இதையெல்லாம் பேசும்போது எனக்கு நினைவுக்கு வருவது 2008-இல் ஆப்பிள் கடையில் வந்த 'ஐ ஆம் ரிச்'. விலை 999.99 டாலர். திறந்தால் சிவப்புக் கல் ஒன்று மின்னும், அவ்வளவுதான். எட்டுப் பேர் வாங்கினார்கள், ஆப்பிள் உடனே எடுத்துவிட்டது. எல்லாரும் கேலி செய்த அந்தச் செயலியை நான் நாணயமானது என்பேன். ஒரு பயனும் கிடையாது, பணக்காரன் என்று காட்டிக்கொள்ளத்தான் இது என்று சொல்லியே விற்றது. சொன்னதைச் செய்தது.

அந்தக் காலத்தில் செயலியை வாங்கினால் ஒரே விலை, வாசலிலேயே எழுதியிருக்கும். 2009-இல் ஐபோனில் செயலிக்குள்ளேயே வாங்கும் வசதி வந்தது. முதலில் காசு கொடுத்து வாங்கிய செயலிகளுக்கு மட்டும். அந்த வருஷம் அக்டோபரில் இலவசச் செயலிகளுக்கும் திறந்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டில் 2011-இல் வந்தது. விலை வாசலிலிருந்து கொல்லைப்புறத்துக்குப் போனது அப்போதுதான். இறக்குகிறவர்களில் பெரும்பாலோர் பூட்டைத் திறப்பதே இல்லை. இலவசப் பகுதியைப் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் போய்விடுகிறார்கள். பூட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று தெரிந்தவர் நூறில் ஒருவராக இருந்தால் அவருடைய ஒற்றை நட்சத்திரம் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகிறது. சித்தப்பாவின் செயலியோ முதல் அளவை எடுப்பதற்கு முன்பே நட்சத்திரம் கேட்டது. அவரும் ஐந்தைத் தொட்டிருக்கிறார். "சும்மா கேக்கான், குடுத்தா என்ன?"

2014 ஏப்ரலில் 'வைரஸ் ஷீல்டு' என்ற செயலி கூகுள் பிளேயில் காசு கொடுத்து வாங்கும் பட்டியலில் முன்னுக்கு வந்தது. 3.99 டாலர், பத்தாயிரத்துக்கும் மேல் விற்பனை, 4.7 நட்சத்திரம். உள்ளே பிரித்துப் பார்த்தபோது, தொட்டால் கேடயப் படத்திலிருந்த பெருக்கல் குறி டிக் குறியாக மாறும் என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை. வைரஸ் தேடும் நிரல் ஒரு வரிகூடக் கிடையாது. தவறான முன்மாதிரியை ஏற்றிவிட்டோம் என்று செய்தவர் சமாளித்தார். கூகுள் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மேலே 5 டாலர் கடைக் கூப்பனும் கொடுத்தது. 2017-இல் ஐபோன் கடையில் வைரஸ் ஸ்கேன் செய்வதாகச் சொன்ன ஒரு செயலி வாரத்துக்கு 99.99 டாலர் சந்தா வாங்கிக்கொண்டிருந்தது. ஐபோனில் ஒரு செயலி இன்னொன்றின் கோப்புகளை எட்டிப் பார்க்கவே முடியாதபடி ஆப்பிள் சுவர் வைத்திருக்கிறது. அங்கே வைரஸ் ஸ்கேன் என்பது நடக்கவே முடியாத காரியம். சுவர் வைத்த அதே ஆப்பிளின் கடையில்தான் அது விற்றது. அடுத்த வருஷம் இன்னும் துணிந்தார்கள். உடற்பயிற்சிச் செயலி ஒன்று, உங்கள் கலோரிக் கணக்கைச் சொல்ல கைரேகையைப் பதிக்கச் சொன்னது. விரல் வைத்த கணத்தில் சுமார் நூறு டாலர் போய்விட்டது. கைரேகைதான் அங்கே கையெழுத்து.

இந்த மாதிரிச் செயலிகளுக்கு 2019-இல் சோஃபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'ஃபிளீஸ்வேர்', அதாவது மொட்டையடிக்கும் செயலி, என்று பெயர் வைத்தது. கியூஆர் ஸ்கேன் செய்யும் ஒரு செயலி, சில நாள் இலவசத்துக்குப் பிறகு 104.99 யூரோ எடுத்தது அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று. கியூஆர் ஸ்கேன் போன் கேமராவிலேயே இருக்கிறது! 2021-இல் அவாஸ்ட் என்ற இன்னொரு பாதுகாப்பு நிறுவனம் எண்ணியபோது இந்த வகையில் 204 செயலிகள், 100 கோடிக்கும் மேல் இறக்கங்கள், 40 கோடி டாலர் வருமானம் என்று கணக்கு வந்தது. வைரஸ் என்று பிடிக்கவும் முடியாது. தகவலைத் திருடுவதில்லை, போனைக் கெடுப்பதில்லை. நீங்களே பொத்தானை அமுக்கினீர்கள்.

சித்தப்பாவின் சந்தாவைத் திறந்து பார்த்தேன். மூன்று நாள் இலவசம், பிறகு வாரம் 299 ரூபாய். மாதம் அல்ல, வாரம். வருஷத்துக்குப் பெருக்கினால் 15,548 ரூபாய். கையில் கட்டிப் பார்க்கும் நல்ல மின்னணுக் கருவி ஒன்றின் விலை இரண்டாயிரத்தைச் சுற்றித்தான். வாரக் கணக்கை எதற்கு வைக்கிறார்கள் என்றால், திரையில் எண் சின்னதாகத் தெரியும், கண்டுபிடிக்கும் முன் சில தவணைகள் தாண்டிவிடும். அந்த எண்ணும் சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து. 'இலவசமாகத் தொடங்கு' மட்டும் பச்சையில் தகதகவென்று.

"ரெண்டு ரூபாதானய்யா எடுத்தான், அதையும் திருப்பிப் போட்டுட்டான்" என்றார் சித்தப்பா. அங்கேதான் கொக்கி. சோதனைக்காக ஒன்றோ இரண்டோ ரூபாய் எடுத்துத் திருப்பும்போது போடும் யுபிஐ பின், ஆட்டோபே என்ற நிரந்தர அனுமதிக்கும் சேர்த்துத்தான். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கொண்டுவந்த விதிப்படி, ஒவ்வொரு தவணைக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும். முதல்முறைக்கு மட்டும் பின் அல்லது ஓடிபி. அதன்பின், 2022-இல் உயர்த்திய வரம்பின்படி, 15,000 ரூபாய்வரை கேட்காமலே எடுக்கலாம். தகவல் வந்திருந்தது. ஆங்கிலத்தில், லோன் விளம்பரங்களுக்கும் ரீசார்ஜ் நினைவூட்டலுக்கும் நடுவில். கூட்டல் சரிபார்க்காமல் காசு கொடுக்காத மனுஷன் அதைப் படிக்கவில்லை. படிக்கும்படி அது எழுதப்படவும் இல்லை. செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். நிற்காது. பிளே ஸ்டோருக்குள் போய்ச் சந்தாக்கள் பக்கத்தில் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நியாயத்துக்கு ஒன்றும் சொல்லியாக வேண்டும். வாங்கியது வேலை செய்யாத எல்லா இடத்திலும் திருட்டு இல்லை. குழந்தைப் பாட்டுச் செயலியில் விளம்பரம் வராமலிருக்கப் பணம் கட்டிய அம்மாக்கள், புதுப் போன் வாங்கியதும் 'காசு போச்சு' என்று வந்து நிற்பார்கள். பெரும்பாலும் காரணம் போன் கடைப் பையன். பழைய ஜிமெயில் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆளுக்கொரு புது ஜிமெயிலைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வாங்கியதெல்லாம் பழைய கணக்கோடு கட்டிப்போட்டிருக்கும். பழைய கணக்கை மீட்டு உள்ளே போனால் வந்துவிடும். ஐபோனில் 'ரெஸ்டோர்' பொத்தானை வைத்தே ஆக வேண்டும் என்று விதியே உண்டு. இது வேறு நோய், மருந்தும் சுலபம்.

கடை நடத்துகிறவர்களின் பொறுப்பு என்ன என்பதுதான் எனக்கு ஆறாத கேள்வி. வாரச்சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒவ்வொரு கூடைக்கும் சுங்கம் வசூலிப்பார், கத்தரிக்காய் சொத்தையா என்று பார்க்க மாட்டார். ஆனால் அவர் 'என் சந்தையில் எல்லாம் பரிசோதித்த காய்' என்று பலகை வைப்பதில்லை. கூகுளும் ஆப்பிளும் வைக்கின்றன. சந்தாவில் கூகுள் பிளேயின் பங்கு 15 சதவீதம். சித்தப்பா கொடுத்த ஒவ்வொரு 299-லும் கிட்டத்தட்ட 45 ரூபாய் அந்தப் பக்கம் போயிருக்கிறது. செயலியின் வெளியே பணம் கட்டச் சொன்னால் இவர்களுக்கு எவ்வளவு வேகமாகக் கண் தெரிகிறது என்பதை அந்த விதியில் அடிபட்ட எந்த டெவலப்பரும் சொல்வார். தலையணைக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் செயலி மட்டும் பரிசோதனையில் தேறிவிடுகிறது. விவரணையின் கடைசி வரியில் 'பொழுதுபோக்குக்கு மட்டும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஒரு வாக்கியம் இருந்தால் போதும் போலிருக்கிறது.

சட்டங்களும் பெரும்பாலும் பணம் எடுத்த விதத்தைத்தான் கேட்டிருக்கின்றன. குழந்தைகள் பெற்றோருக்குத் தெரியாமல் வாங்கிய விவகாரத்தில் 2014-இல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகுள் 1.9 கோடி டாலரும் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தன. பொத்தான் அமைப்பால் குழப்பி வாங்கவைத்தார்கள் என்று 2022-இல் ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ் 24.5 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டது. எல்லாமே 'சம்மதம் கேட்டாயா' என்கிற கேள்வி. 'விற்ற பொருள் இருக்கிறதா' என்கிற கேள்வி மருத்துவம் என்று வந்தால்தான் எழுகிறது, அதுவும் எப்போதாவது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டுத் தடுத்தது. அதில் சந்தாப் பொறியும் ஒன்று. இலவசச் சந்தாவுக்கே தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை வாங்குவது அதற்குள் வருகிறது. சித்தப்பா கதை அட்சரம் பிசகாமல் அங்கே இருக்கிறது. வேலையே செய்யாத பொருளை விற்பதற்கு 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டம் இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரை அபராதம் போடலாம். வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் 299 ரூபாய்க்கு யார் படியேறுவார்கள்? விலையை அந்த அளவில் வைப்பதே அதனால்தான்.

பணத்தைக் கேட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். காசு கொடுத்து வாங்கும் செயலி என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் கேள்வியில்லாமல் திருப்பிவிடலாம்; செயலிக்குள் வாங்கியதற்கு அந்தச் சலுகை இல்லை. 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் மனுப் போடலாம், தாண்டினால் விற்றவரிடம் போய்க் கேள் என்பார்கள். நல்லவேளை, கடைசித் தவணை முந்தின நாள்தான் போயிருந்தது. படிவத்தில் காரணம் கேட்டது. சித்தப்பா, "தெரியாம வாங்கிட்டேன்னு போடுய்யா" என்றார். அது முதலிலேயே இருக்கும் காரணம், தொடுவதற்கும் சுலபம்.

"நீங்க தெரிஞ்சுதான் வாங்கினீங்க சித்தப்பா. பிரஷர் பாக்குறதுக்குன்னு வாங்கினீங்க. அது பாக்கல."

"அப்படிப் போட்டா தருவானா?"

"தராட்டியும் பரவால்ல. தப்பு அவன் பேர்ல பதியட்டும்."

சொன்னபடி வேலை செய்யவில்லை என்பதைத் தேர்ந்தெடுத்து, தலையணை மேல் போன் கிடக்கும்படி ஒரு படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். செயலியின் பக்கத்தில் 'பொருத்தமற்றது எனப் புகார் செய்' என்று ஒன்று மூலையில் இருக்கும், அதையும் தட்டினோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசிப் பதிவு செய்தார் சித்தப்பா. தேதி, தொகை, யுபிஐ பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் தன் குண்டு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, சங்கத்தில் தணிக்கை அதிகாரிக்குப் பதில் சொல்லும் தோரணையில் பேசினார். சித்தி அவர் கண் முன்னாலேயே அன்றைய மாத்திரையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். மறு பேச்சில்லாமல் விழுங்கினார்.

கடைசித் தவணை திரும்பி வந்தது. அதற்கு முன் போனவை வரவில்லை. விற்றவருக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு, அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து ஆதரியுங்கள் என்று எந்திரப் பதில் ஒன்று வந்தது. செயலி இன்னும் கடையில் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காகப் போய்ப் பார்த்தேன். பெயருக்கு முன்னால் 'ஏஐ' என்று சேர்த்திருக்கிறார்கள். வாரச் சந்தா 349 ஆகியிருக்கிறது.